ஐஸ் பெட்டிக்குள் ஒரு ஐரிஸ்

செத்த வீட்டில் சிரிப்பு வந்துவிட்டால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சமாளித்துவிடலாம். அழுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் செத்த வீட்டில் ஒருவனுக்கு அவசரம் மட்டும் வரவே கூடாது. அதை எந்தத் துண்டாலும் மூட முடியாது. எனக்கு வந்தது. (நீங்கள் நினைக்கிற அவசரம் இல்லை. அதுவாக இருந்திருந்தால் கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்து மானத்தோடு உட்கார்ந்திருப்பேன்.) என்னுடையது ஒரு பூவைப் பற்றிய அவசரம்.

தேனியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு ஜெயமங்கலத்தில். பகலெல்லாம் அடுத்தவர் போனின் வயிற்றைத் திறந்து பார்க்கிறவன், வீட்டுக்கு வந்தால் பூவின் வயிற்றைத் திறந்து பார்ப்பேன். இரண்டுக்கும் ஒரே இடுக்கிதான். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், நான் இடுக்கி வைத்திருப்பேன்.

ஐரிஸ் என்று ஒரு செடி. குளிர் ஊர்களில்தான் ஒழுங்காகப் பூக்கும். நல்ல வாள் மாதிரி நீட்ட நீட்ட இலை, நடுவில் ஒரு தண்டு, தண்டின் உச்சியில் மூன்று இதழ் நிமிர்ந்தும் மூன்று இதழ் நாக்கைத் தொங்கப்போட்டும் ஒரு பூ. அதில் சேற்றுநிலத்தில் வளர்கிற வகை ஒன்று வெயிலைத் தாங்கும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். எந்த ஊர் வெயிலை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கொடைக்கானலில் ஒரு வாடிக்கையாளர் வீட்டிலிருந்து ஊதாப் பூ பூக்கிற கிழங்கு ஒன்று வாங்கி வந்தேன். மூணாறு போகிற வழியில் ஒரு நர்சரியில் மஞ்சள். "பேடிக்கண்டா சேட்டா, இது பிடிக்கும்" என்று, பயப்பட வேண்டாம் என்பதை மலையாளத்தில் சொன்னார் கடைக்காரர். அவருக்கென்ன, அவர் மலைமேல் இருக்கிறார்.

இரண்டையும் மதிலோரம் பாத்தி கட்டி வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சித்திரையில் பச்சை வலை கட்டிக் காப்பாற்றினேன். ஊதா பூத்தபோது மஞ்சளின் மகரந்தத்தை எடுத்து அதன்மேல் தடவி, நூல் கட்டி, காய் முற்றும்வரை ஒரு கர்ப்பிணியைக் கவனிப்பது போலக் கவனித்தேன். (என் மனைவி சுமதி இந்த வாக்கியத்தைப் படித்தால் தன் இரண்டு பிரசவத்தின்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாள். ஆகவே அவள் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.) விதைகள் முளைத்தன. அந்தக் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கடைசியில் ஒரே ஒரு நாற்று மிஞ்சியது. உலகத்தில் வேறு எவனிடமும் இல்லாத செடி. அது பூத்தால் என்ன நிறம் என்று கடவுளுக்கே தெரியாது. அதற்குப் பிறகு சில வருடங்கள் அது வெறும் இலையை மட்டும் விட்டுக்கொண்டு நின்றது.

போடியிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து "ஏலமா?" என்பார்கள். உள்ளூர்க்காரர்கள் "வசம்பா?" என்பார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த என் பெரியப்பா மட்டும் "புல்லு" என்றார்.

பெரியப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவர் வீட்டு முருங்கை மரம் மதில் தாண்டிக் கிளை நீட்டி, சித்திரை போக மற்ற மாதங்களில் பூப்பதற்கு வேண்டிய வெயிலும் ஐரிஸ் பாத்தியில் விழாமல் பண்ணிக்கொண்டிருந்தது. சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் பெரியகுளம் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஏறி வெட்டிவிட்டேன். என் பக்கத்துக் கிளையை மட்டும் வெட்டத்தான் ஏறினேன். இறங்கும்போது மரம் மொட்டையாக இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. பெரியம்மா போன பிறகு அவருக்குத் துணை ஒரு கறுப்பு வெள்ளாடு. பெயர் கருப்பி. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொல்வார்.

"ஆத்தா கருப்பி, பக்கத்து வீட்ல உரம் போட்டு, குடை பிடிச்சுப் புல்லு வளக்குறாக. உனக்குத்தான் வளக்குறாக போல. போயி ஒரு வாய் மேஞ்சிட்டு வா."

நான் சும்மா இருப்பேனா? என் ஸ்கூட்டரிடம் பதில் சொல்வேன். "ஏ வண்டி, சில பேரு வீட்ல வாயத் தவிர வேற ஒண்ணுமே வளர மாட்டேங்குது. நாம என்ன செய்ய?"

"கருப்பி, அந்தப் புல்லு பூக்குறதுக்குள்ள எனக்குக் கட்டை அடுக்கிருவாக. ஒருவேளை பூத்துருச்சுன்னா, கொண்டாந்து என் நெஞ்சு மேல போடச் சொல்லு."

இப்படியே எங்கள் குடும்ப உறவு ஒரு ஆடு வழியாகவும் ஒரு ஸ்கூட்டர் வழியாகவும் நடந்துகொண்டிருந்தது. சுமதிக்கு மட்டும் விலக்கு. காலையில் காப்பியும் மத்தியானம் குழம்பும் அவள் கையால் மதில் தாண்டிப் போகும். வெறும் கிண்ணம் திரும்பி வரும், சில நாள் முருங்கைக்காயோடு. (மரம் மறுபடி துளிர்த்துவிட்டது. முருங்கையல்லவா.)

போன பங்குனியில் நாற்று தண்டு விட்டது. தண்டில் நாலைந்து மொட்டு. ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் புழு குடைந்துவிட்டது. அந்த ஒன்றை நான் கடைக்குப் போகாமல் காவல் காத்தேன். பக்கத்தில் மஞ்சளும் மொட்டுக் கட்டியிருந்தது, ஆனால் திறக்க இன்னும் இரண்டு நாளாகும். என் திட்டம் இதுதான்: புதுப் பூ திறந்த அன்றே அதன் மகரந்தத்தை எடுத்துக் காகிதத்தில் மடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மஞ்சள் திறந்ததும் அதன்மேல் தடவ வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் ஐரிஸ் பூ மறுநாள் மத்தியானம் பார்த்தால் நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கும். ஒரு நாள்தான் அவகாசம்.

அந்த ஒரு நாள் விடிந்தது. பூ திறந்திருந்தது. பழைய தாமிரக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். தொங்குகிற இதழில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. நான் பல்கூட விளக்கவில்லை. அப்படியே பாத்தியோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். பனி உலரட்டும், ஈரத்தோடு எடுத்தால் மகரந்தம் உதவாது என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் காப்பி கொண்டுபோன சுமதி அந்தப்பக்கத்திலிருந்து கத்தினாள்.

மதிலை ஏறிக் குதித்தேன். பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை தரையில் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. தொங்கிய கையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தேன். வைக்கும்போதே என் மண்டைக்குள் ஒரு குரல், "இன்னைக்குத்தானா?" என்று கேட்டது. அது என் குரல்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

பிறகு நிற்க நேரமில்லை. சின்னமனூரில் இருக்கும் அவருடைய ஒரே மகள் செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், பந்தலுக்குச் சொன்னேன், சங்குக்குச் சொன்னேன். அக்கா வந்து வாசலிலேயே விழுந்து அழுதாள். அவள் மகன் கார்த்தி சிங்கப்பூரில் இருக்கிறான். டிக்கெட் கிடைக்கவில்லை என்று வீடியோ காலில் அழுதான். அவன் பார்ப்பதற்காக அக்காவின் போனை ஐஸ் பெட்டிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். பங்காளிகள் ஒரு மூலையில் கூடி, ஆண்பிள்ளை இல்லாத மனுசனுக்குக் கொள்ளி வைப்பது யார் என்று பேச ஆரம்பித்தார்கள். முறைப்படி தம்பி மகனான நான்தான் வைக்க வேண்டும். "பேச்சுவார்த்தை இல்லாத பய கையாலயா?" என்று சோலையப்பன் சித்தப்பா என் காதில் விழும்படியே கேட்டார். எங்கள் பங்காளிகளில் மூத்தவர் அவர்.

நான் மெல்ல நழுவி என் பாத்திக்கு வந்தேன். தண்டு இருந்தது. உச்சியில் பூ இல்லை.

சட்டென்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கருப்பி அதன் முளைக்குச்சியில் கட்டியபடியே நின்று, எனக்கு எதுவும் தெரியாது என்று என்னைப் பார்த்தது.

அடுக்களைக்கு ஓடினேன். சுமதி செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்காகப் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"பூ எங்க?"

"மாமா மேல வச்சிட்டேன்."

"எந்த மாமா மேல?"

"இன்னைக்கு எத்தனை மாமா செத்திருக்காக?"

"ஏய்... அதக் கிள்ளலாமா நீ?"

"அவரு கேட்டாருல்ல."

"ஆட்டுக்கிட்டல்ல கேட்டாரு?"

"அப்ப ஆடு வந்து பறிச்சுக்கிட்டுப் போகட்டும்னு விட்டுருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குள் கணக்கு ஓடியது. கிள்ளிய பூ இனிக் காய் பிடிக்காது. போகட்டும். மகரந்தம் போகவில்லையே. அது பூவோடுதானே இருக்கிறது. பெட்டிக்குள் குளிர் வேறு. மகரந்தத்துக்குக் குளிர் நல்லது. கண்ணாடியில் வேர்த்துச் சொட்டுகிற தண்ணீர்தான் ஆகாது. சொட்டுவதற்குள் எடுத்துவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. (ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், அவர் தம்பி மகன் அவர் பெட்டியை ஃப்ரிட்ஜாக நினைத்துத் திட்டம் போடுகிறான். எமன் வந்திருந்தால் ஆளை மாற்றிக் கொண்டுபோயிருப்பான்.)

பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றேன். கண்ணாடி வழியே தெரிந்தது. வெள்ளைச் சட்டையின்மேல், ரோஜா மாலைக்கு நடுவில், என் தாமிரப் பூ.

"பெட்டியக் கொஞ்சம் தொறங்க" என்றேன்.

அழுகை நின்றுபோனது. சோலையப்பன் சித்தப்பா, "எதுக்குடா?" என்றார்.

"ஒரு தடவ... கிட்டத்துல பாக்கணும்."

அவ்வளவுதான். நின்ற அழுகை இரண்டு மடங்காகக் கிளம்பியது. செல்வி அக்கா மாரில் அடித்துக்கொண்டு, "பேசாத பிள்ள பேச வந்து நிக்கிதப்பா, எந்திரிச்சு ஒரு வார்த்த பதில் சொல்லப்பா" என்று ஒப்பாரி வைத்தாள். குளிர் போய்விடும் என்று முனகிக்கொண்டே பெட்டிக்காரர் கொக்கியைக் கழற்றிக் கண்ணாடியைத் தூக்கினார்.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் இடுக்கியும் ஒரு துண்டுக் காகிதமுமாக, பெரியப்பாவின் நெஞ்சில் கவிழ்ந்தேன்.

ஐரிஸ் பூவில் மகரந்தம் வெளியே தெரியாது. வளைந்த சின்ன இதழ் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குச்சி ஒளிந்திருக்கும். மொத்தம் மூன்று. முதலாவதைப் பிடித்து இழுத்துக் காகிதத்தில் போட்டேன். இரண்டாவதையும் எடுத்தேன். மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது கண் தானாக மேலே போனது. இத்தனை வருடமாக மதிலுக்கு மேலே அவருடைய தலைப்பாகையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முகம் இத்தனை பக்கத்தில். கன்னத்தில் நேற்றைய சவரம். அதில் ஒரு இடத்தில் பிளேடு பட்ட சின்னக் கீறல். அந்தக் கீறல் இனி ஆறாது என்று தோன்றியது.

என்னை அறியாமல் கண்ணீர் வந்துவிட்டது. நிஜக் கண்ணீர். அது நேராகப் போய் மூன்றாவது குச்சிமேல் விழுந்தது. ஈரம் பட்ட மகரந்தம் உதவாது.

யாரோ என் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். சோலையப்பன் சித்தப்பாதான். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "ரத்தம்டா. விட்டுப் போகுமா? கொள்ளி இவன்தான் வைக்கணும்" என்று பங்காளிகளைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் காகிதத்தை மடித்து இடுக்கியோடு சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

சிங்கப்பூரிலிருந்து படமும் பேச்சும் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பது செல்போன் கடைக்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்காலியிலிருந்து போன் பேசியது. "அம்மா... தாத்தா நெஞ்சுல இருந்து மாமா என்னமோ எடுத்துப் பைக்குள்ள போட்டாக."

எல்லாத் தலையும் போன் பக்கம் திரும்பியது.

"கொறடு மாதிரி வச்சு எடுத்தாகம்மா. நல்லாப் பாத்தேன்."

சோலையப்பன் சித்தப்பா மெதுவாகப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பெரியப்பா எப்போதும் கழுத்தில் போட்டிருக்கும், தங்கத்தில் பூண் போட்ட ருத்ராட்சச் சங்கிலி அங்கே இல்லை.

"சங்கிலிய எங்கடா?"

"எனக்குத் தெரியாது சித்தப்பா."

"பையில என்ன?"

"அது... வேற."

அவர் என் பைக்குள் கையை விட்டார். முதலில் இடுக்கி வந்தது. பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு. பொணத்துமேல நகை எடுக்க ஆயுதத்தோட வந்திருக்கான் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அடுத்தது மடித்த காகிதம். "பிரிக்காதீக சித்தப்பா, காத்துப் படக் கூடாது" என்று நான் கெஞ்சினேன். ஒரு திருடன் கடைசியாகக் கெஞ்சுவது போலவே இருந்தது எனக்கே.

பிரித்தார். உள்ளே இரண்டு பழுப்புக் குச்சிகள், கொஞ்சம் மஞ்சள் தூள். அவர் அதை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனார். பக்கத்தில் ஸ்டாண்ட் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது தன் முகத்தை எங்கள் பக்கம் திருப்பியது.

என் இத்தனை வருட உழைப்பு சோலையப்பன் சித்தப்பாவின் மீசையில் போய் ஒட்டியது. குச்சிகள் எங்கே பறந்தன என்று இன்றுவரை தெரியாது.

"என்னடா இது?" என்றார், தும்மிவிட்டு.

"மகரந்தம்" என்றேன்.

செத்த வீட்டில் சொல்வதற்கு இதைவிடக் கேவலமான பதில் தமிழில் இருக்கும் என்று தோன்றவில்லை. நகை என்றாவது சொல்லியிருக்கலாம்.

நல்லவேளை, டீ வாளியோடு சுமதி வந்தாள். விஷயம் கேட்டு வாளியைக் கீழே வைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ருத்ராட்சம் அதில் இருந்தது. "குளிப்பாட்டும்போது நீங்கதான அண்ணி கழத்தி வச்சிரச் சொன்னீக?" என்றாள், அழுகையில் அதையே மறந்துபோயிருந்த அக்காவிடம். பிறகு பூவின் கதையை ஆடு, ஸ்கூட்டர், நெஞ்சு எல்லாவற்றோடும் அத்தனை பேர் நடுவில் சொன்னாள். நான் பந்தல் காலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செல்வி அக்கா என்னையே பார்த்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், பெட்டிமேலேயே கவிழ்ந்து சிரித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

"தம்பி, அந்தப் புல்லு மொட்டு விட்டுருச்சுன்னு போன வாரம் அப்பா எனக்குப் போன் போட்டுச் சொன்னாகடா" என்றாள் மூக்கைச் சிந்தியபடி. "கருப்பி எம்பிக் கிம்பிக் கடிச்சிருமோன்னு கயித்தக் கொறச்சுக் கட்டிருக்கேன், அது என்னப் பாத்துக் கத்திக்கிட்டே கெடக்குதுன்னாக."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கயிற்றைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"திருடலல்ல? அப்ப கொள்ளிய இவனே வைக்கட்டும்" என்று சித்தப்பா மீசையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கிற நீர்மாலையும் நான்தான் எடுத்தேன். சுடுகாட்டில் எனக்கு மொட்டை போட்டார்கள், மீசையும் போனது. முருங்கை ஞாபகம் வந்தது. வறட்டி அடுக்கி முகத்தை மூடும் முன்பு மாலைகளையெல்லாம் எடுத்து ஓரமாகப் போட்டார்கள். நெஞ்சின்மேல் அந்தப் பூ மட்டும் சுருண்டு ஒட்டிக் கிடந்தது. சித்தப்பா என் பக்கம் குனிந்து, கேலி இல்லாமல்தான் கேட்டார்: "வேணும்னா எடுத்துக்கடா. இன்னும் எதுவும் இருக்கா அதுல?"

"இல்ல, இருக்கட்டும். கேட்டு வாங்குனது" என்றேன்.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் பந்தல்காரர்கள் நாற்காலி போட இடைஞ்சலாக இருக்கிறது என்று கருப்பியை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அது மதில் தாண்டி வந்து என் பாத்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. தாமிரச் செடி தரைமட்டம். ஊதாவும் தரைமட்டம். திறக்காத மொட்டோடு மஞ்சளின் கடைசித் தண்டு அதன் வாயில். எத்தனையோ வருடம் மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்ட உத்தரவை, கொடுத்தவர் போன அன்று நிறைவேற்றியிருந்தது. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பூவுக்காகத்தான் அழுகிறேன் என்று சுமதி நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

ஐரிஸ் இலை ஆட்டுக்கு ஆகாது. மறுநாள் கருப்பிக்கு நுரை தள்ளிக் கழிச்சல் கண்டது. சுடுகாட்டில் பால் தெளிக்கக் காடாத்துக்குப் போக வேண்டியவன் மாட்டாஸ்பத்திரிக்கும் போய்வந்தேன். பிழைத்துக்கொண்டது. பதினாறாம் நாள் பெரியப்பாவின் சாமான்களை அக்கா பங்கு வைத்தபோது எனக்கு வந்தது அந்த ஆடுதான். "உன் புல்லத் தின்னு வளந்த உடம்பு, நீயே வச்சுக்க" என்றாள்.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் எந்தத் துட்டிக்குப் போனாலும் செல்வி அக்கா வாசலிலேயே மறித்து, "எந்தம்பி வாராக, பெட்டிக்கிட்ட விடுறதுக்கு முன்னாடி பையப் பாத்துக்கங்க" என்பாள். செத்த வீடு என்றும் பாராமல் நாலுபேர் துண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். சிங்கப்பூர்க்காரன் போன் பண்ணினால் முதல் கேள்வியே, "மாமா, இடுக்கி பத்திரமா?"

மண்ணுக்குள் கிடந்த கிழங்குத் துண்டு ஒன்று மறுபடி துளிர் விட்டிருக்கிறது. எந்தச் செடியுடையது என்று தெரியாது. பூத்தால்தான் தெரியும். இந்தப் பங்குனியில் பூக்கவில்லை. கருப்பியை அவர் குறைத்துக் கட்டிய அதே கயிற்றில், அதே நீளத்தில்தான் கட்டுகிறேன். என்னைப் பார்த்தும் கத்துகிறது.

நேற்றுக் காலை அதனிடம், "கருப்பி, இந்த வருசமும் புல்லு ஏமாத்திருச்சு, பாத்தியா?" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் மதிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பதில் அடுக்களையிலிருந்து வந்தது. "ஆத்தா கருப்பி, ஆட்டுக்கிட்டப் பேசுற ஆளுகளுக்குத் தோச ஆறிப்போகுதுன்னு சொல்லு."